இருபது கஜத்துக்கு அப்பால் நின்ற மான்

வில்லால் மான் வேட்டையாட எனக்குத் துணைநின்றவர்களுக்கு நன்றி சொல்லும் மடல் இது. இதில் வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. அவர்களுக்கு ஆங்கிலத்தில் அட்டை எழுதி, கூடவே ஆளுக்கொரு பொட்டலம் கறியும் கொடுத்தாயிற்று. ஆனாலும் மனசு ஆறவில்லை. அட்டையில் நாலு வரிதான் கொள்ளும். எனக்குச் சொல்ல இருப்பது அதைவிட நீளம். மீதியை எனக்கு வாகான மொழியில், இங்கே நம்மவர்கள் நாலு பேர் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

நான் இருக்கும் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வில்லால் மான் வேட்டையாடும் பருவம் 2024 செப்டம்பர் 14 அன்று தொடங்கி 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. பதினாறு வாரம். அதில் இருபத்துமூன்று நாள் மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தேன். விட்ட அம்பு இரண்டே இரண்டு. முதல் அம்பைப் பற்றி எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் நன்றிக்கடனில் பெரும்பங்கு அந்த அம்பால் வந்தது என்பதால் மறைக்க வழியில்லை.

முதலில் வில்லைக் கையில் கொடுத்தவர். மாடிசனில் எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி. "சும்மா வாங்க, நாலு அம்பு விட்டுப் பாருங்க" என்று ஒரு சனிக்கிழமை கூட்டிப் போனார். அண்ணாச்சி சுத்த சைவம். அட்டைக் குறியைத் தவிர வேறு எதன்மேலும் அவர் அம்பு பட்டதில்லை, படப்போவதும் இல்லை. நான் வேட்டைக்குப் போகிறேன் என்றதும் ஒரு வாரம் பேசவில்லை. எட்டாம் நாள் வந்து, "போறதுன்னா ஒழுங்காக் கத்துக்கிட்டுப் போங்க" என்று சொல்லி, மைதானத்தில் பழக்கிக் கொடுக்கும் பெரியவரிடம் என்னை ஒப்படைத்துவிட்டுப் போனார். அண்ணாச்சி, அந்த ஒரு வாரக் கோபத்துக்கும் நன்றி.

பெரியவர் ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர். நாற்பது வருஷமாக வில் பிடிக்கிறவர். நான் கடையில் பார்த்துவைத்திருந்த 60 பவுண்டு இழுவிசை வில்லை ஒதுக்கிவிட்டு, 45-இல் நிறுத்தினார். மான் வேட்டைக்கு இந்த மாநிலச் சட்டம் கேட்பது 30 பவுண்டுதான். "டிசம்பரில் மூன்று சட்டை போட்டுக்கொண்டு, இரண்டு மணிநேரம் அசையாமல் உட்கார்ந்துவிட்டு, நாணைச் சத்தமில்லாமல் இழுக்க வேண்டும். இப்போது அரைக்கை பனியனில் இழுப்பது ஒரு கணக்கே இல்லை" என்றார். பத்து அம்பு விட்டுக் கை சூடான பிறகு நடுப்புள்ளியில் குத்துவதையும் அவர் மதிக்கவில்லை. வண்டியிலிருந்து இறங்கியதும் விடும் முதல் அம்பு சாப்பாட்டுக் காகிதத்தட்டுக்குள் விழவேண்டும். எத்தனை தூரத்திலிருந்து அது தவறாமல் விழுகிறதோ அதுதான் ஒருவனுடைய எல்லை. எனக்கு அது 20 கஜம். "21-இல் நிற்கிற மான் உன் மான் இல்லை." இதைக் கோடை முழுக்க, வாராவாரம் சொன்னார்.

தேநீர் இடைவேளையில் அவர் சொன்னதுதான் ஆல்டோ லியோபோல்ட் கதையும். இங்கிருந்து ஒரு மணிநேரத் தொலைவில், பாராபூ பக்கம், விஸ்கான்சின் ஆற்றங்கரையில் அவருடைய குடிசை இன்றும் இருக்கிறது. பேராசிரியர், காட்டுயிர் அறிஞர், தன் வில்லைத் தானே செதுக்கிக்கொண்டவர். அவர் மனைவி எஸ்டெல்லா மாநில அளவில் வில் போட்டிகளில் வென்றவர். 1940-களில் லியோபோல்ட் இந்த மாநிலத்தில் மான் பெருகிக் காட்டைத் தின்கிறது, எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்று சொல்லி ஊர்ப்பட்ட வசவு வாங்கினார். 1948-இல் பக்கத்து நிலத்தில் பிடித்த புல்தீயை அணைக்கப் போன இடத்தில் மாரடைப்பில் இறந்தார். ஒரு ஞாயிறு மதியம் தனியாகப் போய் அந்தக் குடிசையைப் பார்த்துவிட்டு வந்தேன். கோழிக்கொட்டகையைச் சீர்செய்து கட்டியது. அவ்வளவு சின்னது.

அடுத்து நிலம் கொடுத்த பாட்டி. சாக் கவுண்டியில் 80 ஏக்கர். கீழே குதிரைமசாலும் மக்காச்சோளமும், மேலே ஓக் மரங்கள் நிற்கும் கரடு. முன்பின் தெரியாத ஒரு கறுத்த மனிதன் கதவைத் தட்டி, "உங்கள் நிலத்தில் வேட்டையாடலாமா?" என்று கேட்டால் என்ன சொல்வார்கள் என்று வண்டிக்குள்ளேயே கால்மணிநேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் கேட்டது மூன்று. படலைத் திறந்தால் மூடவேண்டும். ஓக் மரத்தில் ஆணி அடிக்கக்கூடாது. ஏறும்போதும் இறங்கிய பிறகும் சொல்லவேண்டும். மூன்றாவதை நான் லேசாக எடுத்துக்கொண்டேன். நான் இறங்கி வந்து சொல்கிறவரை அவர் திண்ணை விளக்கை அணைப்பதில்லை என்பது அக்டோபரில்தான் தெரிந்தது. ஒருநாள் மறந்து வீட்டுக்கே வந்துவிட்டேன். ராத்திரி பத்து மணிக்குப் போன் வந்தது. திட்டவில்லை. "விளக்கை அணைக்கலாமா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் பயம் வீண் பயமில்லை. இங்கே வேட்டைக்காரர்களுக்கு எமன் பெரும்பாலும் பரண்தான். ஏறும்போது, இறங்கும்போது, கால் மாற்றி வைக்கும்போது விழுகிறார்கள். பாதுகாப்பு வகுப்பில் பாடம் எடுத்த தன்னார்வலர் ஹார்னஸ் பட்டையை என் உடம்பில் மாட்டி, இரண்டடி உயரத்தில் தொங்கவிட்டே காட்டினார். தரையிலிருந்தே கயிற்றில் கொளுவிக்கொண்டு ஏறவேண்டும். வில்லைத் தோளில் மாட்டி ஏறக்கூடாது, மேலே போய்க் கயிறு விட்டு இழுத்துக்கொள்ள வேண்டும். சத்தியமங்கலம் பக்கத்தில் என் அப்பிச்சி, அம்மாவின் அப்பா, ராகிக் காட்டுக்குக் காவலிருந்த பரணில் பட்டையும் கிடையாது, கயிறும் கிடையாது. பன்றி வந்தால் தகரம் தட்டுவார், யானை வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அவர் பீடிப்புகையில் பார்த்ததை நான் இங்கே டால்கம் பவுடரில் பார்க்கிறேன். மான் மூக்கை எந்த வாசனை நீக்கும் சோப்பும் ஏமாற்றாது. காற்று தப்பாக அடித்தால் அன்றைக்கு அந்த மரத்தில் ஏறாதே. இந்தப் பாடத்துக்கு என் வாடை பட்டு ஆறு மான்கள் தும்மிவிட்டு ஓடவேண்டியிருந்தது.

சரி, அந்த அக்டோபர் 19.

சனிக்கிழமை. பொழுது சாயும் நேரம். ஒரு பெண்மான் சோளத்தை விட்டு வெளியே வந்து நின்றது. 27 கஜம். தூரம் காட்டும் கருவி கையில் இருந்தது, அதில் எண்ணும் தெரிந்தது. தெரிந்தேதான் விட்டேன். ஐந்து வாரம் சும்மா உட்கார்ந்திருந்த கை. நாண் தெறிக்கும் சத்தம் அம்பைவிட நாலு மடங்கு வேகமாகப் போகும் என்று பெரியவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அம்பு போய்ச் சேரும் கால்நொடிக்குள் மான் உடம்பைத் தாழ்த்திப் பாயத் தயாராகிவிடும். அப்படியேதான் நடந்தது. பட வேண்டிய இடத்துக்கு ஒரு சாண் பின்னால் பட்டது. இறங்கிப் போய் அம்பை எடுத்தேன். ரத்தத்தோடு பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. நாற்றம். குடல்.

கை நடுங்கிக்கொண்டே பெரியவரைக் கூப்பிட்டேன். தடம் தெரிகிறது, டார்ச் இருக்கிறது, பின்னாலேயே போகட்டுமா என்றேன். அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். "ஒரு அடி எடுத்து வைக்காதே. வந்த வழியே திரும்பிப் போ. விடியட்டும்." நுரையீரலில் பட்டால் அரைமணிநேரம் பொறுத்தால் போதும். ஈரல் என்றால் நாலைந்து மணி. குடல் என்றால் எட்டிலிருந்து பன்னிரண்டு மணிநேரம். விட்டால் பக்கத்திலேயே எங்காவது படுத்துவிடும். துரத்தினால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு மைல் ஓடி, யாருக்கும் கிடைக்காத இடத்தில் துடித்துச் சாகும். அன்றிரவு நான் தூங்கவில்லை. என் அவசரம் என்பது மானுக்கு நல்லது செய்கிற அவசரம் இல்லை, என் குற்றவுணர்ச்சியைச் சீக்கிரம் முடித்துக்கொள்கிற அவசரம் என்று விடிவதற்குள் புரிந்தது.

காலையில் மோப்ப நாயோடு ஒரு அம்மா வந்தார். முரட்டு முடி வைத்த டாக்ஸ்ஹண்ட். முழங்கால் உயரம்கூட இல்லை. நீளக் கயிற்றில் கட்டித்தான் விடவேண்டும். பெட்ரோல் காசைத் தவிர எதுவும் வாங்கமாட்டேன் என்றார். ரத்தம் நூறு கஜத்திலேயே நின்றுவிட்டது. நாய் நிற்கவில்லை. குளம்புப் பிளவில் ஒரு சுரப்பி உண்டாம், அந்த மானுக்கே உரிய வாசனை அதிலிருந்து தரையில் படியுமாம். ரத்தமே இல்லாத இடத்தில் அதைப் பிடித்துக்கொண்டு போனது. வேலி வந்தது. அந்தப் பக்கம் வேறொருவர் நிலம். அந்த அம்மா கயிற்றை இழுத்து நிறுத்திவிட்டார். நான் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி அனுமதி கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு, பைஜாமாவோடு, "போய் எடு" என்று தலையாட்டிய அந்த மனிதருக்கும் நன்றி.

சதுப்போரம் கிடந்தது. நரி மாதிரியான கொயோட்டிகள் பின்பக்கம் தின்றுவிட்டிருந்தன. ராத்திரி வெதுவெதுப்பாக இருந்தது, மிச்சம் கெட்டுப்போயிருந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாய்க்குத் தண்ணீர் வைத்தார், மானின் நெற்றியில் கை வைத்தார், கிளம்பினார். பெண்மான் அனுமதிச் சீட்டு ஒன்று தீர்ந்தது. சட்டப்படி மறுநாள் மாலை 5 மணிக்குள் பதிவு செய்தேன். கறி ஒரு துண்டு இல்லாமல்.

வில்லை விற்றுவிடுகிறேன் என்று வீட்டில் சொன்னேன். என் மனைவிக்கு இந்த வேட்டையே பிடிக்காது. அவள்தான், "இப்ப வித்துட்டா அந்த மானுக்கு என்ன ஆகப்போகுது? உனக்குத்தான் ஆறும்" என்றாள். அவளுக்கு நன்றி சொன்னால் சிரிப்பாள். சிரிக்கட்டும்.

நவம்பரில் ஆண்மான்கள் பெண்மான்களைத் துரத்தும் காலம். பகலெல்லாம் காடு தடதடக்கும். எட்டுக் கிளைக் கொம்போடு ஒன்று 15 கஜத்தில் வந்தது. ஓடிக்கொண்டிருந்தது, நடுவில் முட்புதர். நாணை இழுத்த கையைத் தளர்த்தினேன். பரணில் தனியாக உட்கார்ந்து ஏன் அழுதேன் என்று இன்றும் தெரியவில்லை. 23-ஆம் தேதி துப்பாக்கிப் பருவம் தொடங்கியது. அந்த ஒன்பது நாளும் வில்காரர்களும் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு அல்லது ரோஸ் நிறம் அணியவேண்டும். என் ஆரஞ்சுத் தொப்பியைத் தொலைத்துவிட்டு மகளுடைய ரோஸ் தொப்பியோடு போனேன். சட்டத்துக்கு அது செல்லும். பாட்டிக்கு அன்று முழுக்கச் சிரிப்பு.

டிசம்பர் இரண்டாம் வாரம். தரை இறுகி உறைந்திருந்தது. ஒரு பெண்மான் தனியாக வந்தது. 16 கஜம். எனக்கு நேராக முகம் காட்டி நின்றது. பொறுத்தேன். அது என்னைக் கடந்து, லேசாக அப்பால் திரும்பி, முன்னங்காலை எடுத்துவைத்தபோது விட்டேன். எழுபது தப்படி ஓடி விழுந்தது. விழுந்த சத்தம் கேட்டது. இலைமேல் நுரைத்த இளஞ்சிவப்பு ரத்தம். இருந்தும் ஒரு மணிநேரம் பரணிலேயே உட்கார்ந்திருந்தேன். பெரியவரே, அந்த ஒரு மணிநேரம் உங்களுக்காக.

பாட்டி டிராக்டரோடு வந்தார். 78 வயது.

தலையை மாநில இயற்கை வளத் துறையின் பெட்டியில் கொண்டுபோய் வைத்தேன். மான்களை உருக்கிக் கொல்லும் ஒரு மூளைநோய் இந்த மாநிலத்தில் 2002-இல் முதலில் கண்டறியப்பட்டது. வேகவைத்தாலும் அழியாத ஒரு கெட்ட புரதம் அது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் நோயுள்ள மானின் கறியை உண்ணவேண்டாம் என்பது மருத்துவத் துறை வாக்கு. கழுத்து நிணநீர்க் கணுக்களை வெட்டி எடுத்துச் சோதிக்கும் முகம் தெரியாத அந்தப் பணியாளர்களுக்கு ஒரு கும்பிடு. முடிவு வரும்வரை கறி உறைபெட்டியில் காத்திருந்தது. நோய் இல்லை என்று வந்தது.

பொங்கலுக்கு அடுத்த நாள் சமைத்தோம். மான்கறியில் கொழுப்பே இராது. இருக்கிற கொஞ்சமும் மெழுகு மாதிரி நாக்கில் ஒட்டும், சுரண்டி எறிந்துவிட வேண்டும். தொடைக்கறியின் மேல் வெள்ளிமாதிரி இருக்கும் சவ்வையும் உரித்தாக வேண்டும். முன்னங்காலைச் சின்ன வெங்காயத்தோடு குக்கரில் வேகவிட்டு, நல்லெண்ணெயில் மிளகு வறுவல். நண்பர்கள் பதினோரு பேர். ஊரில் இருந்து அம்மா வீடியோவில் பார்த்துவிட்டு, "நம்மூர்ல இதைச் செஞ்சா உள்ள வெச்சுருவாங்க" என்றாள். உண்மைதான், இந்தியாவின் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்படி. "மான் பாவம்டா" என்றும் சொன்னாள். அப்புறம் அவளே, "கண்ணப்பரும் வேடன்தானே, என்னமோ போ" என்று போனை வைத்தாள். அண்ணாச்சி அன்று வந்து தயிர்சாதம் சாப்பிட்டார். மான்கறி இருந்த மேசையிலேயே உட்கார்ந்து.

பாட்டி, உங்கள் வறுவல் சட்டி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. பரணைக் கழற்றி ஏணியோடு உங்கள் கொட்டகையில் வைத்துவிட்டேன், மரத்தில் ஒரு கீறல் இல்லை. ஏப்ரலில் மேற்கு வேலிக்குக் கம்பி இழுக்க ஆள் வேண்டும் என்றீர்கள். சட்டியோடு வருகிறேன்.