ஒஸ்தான்கினோ அரங்கில் பாடியவர்கள் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாஸ்கோவின் பழைய பிரபு மாளிகைகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த பயணக் கட்டுரையை இருமுறை படித்தேன். ஒஸ்தான்கினோ மாளிகையின் பொன்முலாம் பூசிய மரச் செதுக்கல்களையும், பலவகை மரத்துண்டுகளை இழைத்துக் கோலம்போல் அமைத்த தரையையும், மாளிகைக்கு உள்ளேயே இருக்கும் நாடக அரங்கையும் கட்டுரையாளர் ஆசையோடு எழுதியிருக்கிறார். ஆனால், நிகோலாய் ஷெரெமேத்தியெவ் பிரபு அங்கே ‘தமது கலைக்குழுவைக்’ கொண்டு இசை நாடகங்கள் நடத்தினார் என்ற ஒரே வரியோடு அரங்கைக் கடந்துவிட்டார். அந்தக் குழுவில் பாடியவர்களும் ஆடியவர்களும் அதே பிரபுவுக்குச் சொந்தமான பண்ணையடிமைகள் என்பது கட்டுரையில் எந்த இடத்திலும் இல்லை. அதைச் சொல்வதற்காகவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

1980-களில் மாஸ்கோவில் பொறியியல் படித்த தமிழ் மாணவர்களில் நானும் ஒருவன். 1986 கோடையில் அந்த மாளிகைக்குப் போனேன். கணப்பு வசதி இல்லாத மரக் கட்டடம் என்பதால் அந்நாளில் கோடை மாதங்களில் மட்டுமே திறப்பார்கள். மழை பெய்தாலோ காற்றில் ஈரம் மிகுந்தாலோ அன்றும் மூடிவிடுவார்கள். முதல் முறை தூறலில் போய்த் திரும்பிவிட்டு, இரண்டாம் முறைதான் உள்ளே நுழைய முடிந்தது. தரை தேயாமல் இருக்க, காலணிக்கு மேலேயே துணிச் செருப்பை மாட்டிக்கொண்டு வழுக்கி வழுக்கி நடந்தோம். அப்போது வாசல் பலகையில் இருந்த பெயர் ‘பண்ணையடிமைகளின் கலைப் படைப்பு அருங்காட்சியகம்’ என்பதாகும். வழிகாட்டிய அம்மையார், பண்ணையடிமையைக் குறிக்கும் ‘கிரெபஸ்த்னோய்’ என்ற ரஷ்யச் சொல்லைச் சொன்ன ஒவ்வொரு முறையும் என் மனம் அதைப் ‘பண்ணையாள்’ என்றே பெயர்த்துக்கொண்டது. தஞ்சை வட்டாரத்தில் 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த கதையைத் தாத்தாவின் வாயால் கேட்டு வளர்ந்தவனுக்கு வேறு சொல் தோன்றவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்பதையும் அறிவேன். 18-ஆம் நூற்றாண்டு ரஷ்யாவில் ஆட்களை நிலத்தோடு மட்டுமன்றி, நிலத்திலிருந்து பிரித்தும் விற்க முடிந்தது.

ஷெரெமேத்தியெவ் குடும்பத்துக்கு உரியவர்களாக அப்படி ஏறத்தாழ 2 லட்சம் பேர் இருந்தார்கள். 1792 முதல் 1798 வரை அந்த மாளிகையைக் கட்டியபோது வெளியிலிருந்து புகழ்பெற்ற கட்டடக் கலைஞர்கள் வரைபடம் தந்தார்கள் என்றாலும், வேலையை நடத்தி முடித்தவர்களில் பாவெல் அர்குனோவ் போன்ற பண்ணையடிமைக் கலைஞர்களே முன்னின்றார்கள். மரத்தை மரமென்று தெரியாதபடி சுதை பூசிக் கல்மாளிகையாக்கிய கைகள் அவர்களுடையவை. அரங்கின் பொறியமைப்பைச் செய்த ஃபியோதர் பிரியாகினும் பண்ணையடிமைதான். பொறியியல் மாணவனாகிய எனக்கு அவர் பெயரே முதலில் மனத்தில் பதிந்தது. நாடகம் முடிந்ததும் பார்வையாளர் பகுதியை மேடையின் மட்டத்துக்குத் தளமிட்டு மூடி, தூண்களை இடம் மாற்றி, முழு அரங்கையும் நடனக் கூடமாக்கிவிடும் ஏற்பாடு அவருடையது. காற்று, மழை, இடி ஆகியவற்றின் ஓசையை எழுப்பும் மரப் பொறிகளும் அங்கே எஞ்சியிருக்கின்றன. சுமார் 250 பேர் மட்டுமே அமரக்கூடிய அரங்குக்கு இவ்வளவு உழைப்பு!

1795 ஜூலையில் அந்த அரங்கு திறக்கப்பட்டது. துருக்கியரின் இஸ்மயீல் கோட்டையை ரஷ்யப் படை வென்றதைப் பாடும் இசை நாடகம் அன்று நடந்தது. நாயகியாகப் பாடியவர் பிரஸ்கோவியா. கொல்லர் ஒருவரின் மகளாக 1768-இல் பிறந்து, ஏழெட்டு வயதிலேயே ஷெரெமேத்தியெவ் குடும்பத்தின் குஸ்கோவோ மாளிகைக்குக் கொண்டுவரப்பட்டவர். அங்கே அவருக்கு இசையும் அயல்மொழிகளும் கற்பித்தார்கள். குடும்பப் பெயரை நீக்கிவிட்டு, முத்து என்று பொருள்படும் ‘ஷெம்ச்சுகோவா’ என்ற பெயரைச் சூட்டினார்கள். அவரோடு ஆடிய தத்தியானாவுக்குச் செம்மணிக்கல்லின் பெயரும், மற்றொருத்திக்கு நீலப்பச்சைக் கல்லின் பெயரும் கிடைத்தன. பெற்றோர் வைத்த பெயரை மாற்றி நகைப்பெட்டியிலுள்ள கற்களின் பெயரை ஒருவர் சூட்ட முடிந்தது என்பதை அறிந்த பிறகு, அந்த மேடையை வெறும் அழகாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. 1787-இல் குஸ்கோவோவில் பிரஸ்கோவியாவின் பாட்டைக் கேட்டுப் பேரரசி இரண்டாம் கேத்தரின் வைர மோதிரம் பரிசளித்தார். பரிசு பெற்ற அன்றும் அவர் பண்ணையடிமையாகவே இருந்தார். விடுதலைப் பத்திரம் 1798-இல்தான் கிடைத்தது. அதற்குள் காசநோய் அவருடைய குரலைப் பறித்துவிட்டது.

பிரபுவைக் கொடியவராகக் காட்டுவது என் நோக்கமன்று. அவர் இசையை உண்மையாகவே நேசித்தவர், செல்லோ வாசித்தவர், மேடை அமைப்பின் நுணுக்கங்களுக்காகப் பாரிஸ் இசைக்கலைஞர் ஒருவரோடு ஆண்டுக்கணக்கில் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தவர். 1801-இல் பிரஸ்கோவியாவை அவர் மணந்தார். 1803-இல் மகனைப் பெற்றெடுத்த மூன்றே வாரத்தில் பிரஸ்கோவியா இறந்தார். இதைக் காதல் கதையாகச் சொல்வோர் பலர். நானும் அதை மறுக்கவில்லை. ஆயினும் ஒருத்தி பிரபுவின் மனைவியானதால் மற்றவர்களின் நிலை மாறிவிடவில்லை. ரஷ்யாவில் பண்ணையடிமை முறை ஒழிந்தது 1861-இல்தான்.

மாஸ்கோவில் ஏழைகளுக்காகத் தாம் கட்டிவந்த மருத்துவ இல்லத்தை, மனைவியின் மறைவுக்குப் பிறகு பிரபு அவர் நினைவாக மேலும் விரிவாக்கினார். 1810-இல் அது திறக்கப்பட்டபோது அவரும் உயிரோடில்லை. இன்று ஸ்க்லிஃபசோவ்ஸ்கி அவசர மருத்துவ நிறுவனம் என்று அந்நகரத்தார் அனைவரும் அறிந்த இடம் அதுவே. என் அறைத்தோழர் பனியில் வழுக்கி விழுந்து கால் முறிந்தபோது நாங்கள் அவரைக் கொண்டுபோனதும் அங்கேதான். அந்த இடத்துக்குப் பின்னால் ஒரு பாடகியின் பெயர் இருப்பது அன்று எங்களுக்குத் தெரியாது.

கட்டுரையாளரின் பயணத் தொடர் நூலாக வரவிருப்பதாக இணைப்பிலேயே குறிப்பிட்டிருந்தீர்கள். ஒஸ்தான்கினோ பற்றிய அத்தியாயத்தில் ‘கலைக்குழு’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘பண்ணையடிமைகளின்’ என்ற ஒரு சொல்லைச் சேர்க்குமாறும், பிரஸ்கோவியா, பிரியாகின், அர்குனோவ் ஆகிய மூவரின் பெயர்களையாவது இடம்பெறச் செய்யுமாறும் அவரிடம் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர்,
மன்னார்குடி.