கடைசி லயத்து மெயின் பலகை: தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகி அவர்களுக்கு,

வணக்கம். கடைசி லயத்து வீடொன்றில் போன வாரம் மின்சார மெயின் பலகை புகைந்தது உங்களுக்குத் தெரியும். அதற்கு ஆபீசில் கிடைத்த பதிலும் தெரிந்திருக்கும்: "அது பழைய பேக்லைட், எரியாது, பயப்பட வேண்டாம்."

பாதி சரி. 1907இல் லியோ பேக்லண்ட் பீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்து உண்டாக்கிய பொருள் அது. ஒருமுறை இறுகினால் மறுபடி உருகாது. நல்ல சரக்குதான், குறை சொல்லவில்லை. ஆனால் உருகாது என்பதால் ஆபத்தில்லை என்று ஆகிவிடாது. கூரை ஒழுகி, ஈரமும் தூசியும் படிந்த இடத்தில் மின்சாரம் மேலோடு கசிகிறது. பொறி விழுந்த இடம் கருகிக் கரிக்கோடாகிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும். அடுத்த பொறிக்கு வழி இன்னும் சுலபம். பின்னால் உள்ள பழுப்புத் தகடோ, பிசினில் ஊறவைத்த காகிதத்தை அடுக்கிச் சூட்டில் அழுத்திச் செய்தது. அதன் வெட்டு ஓரத்தில் ஈரம் ஏறினால் என்ன ஆகும் என்று எந்த வயர்மேனும் சொல்வார்.

அந்த வீட்டுப் பாட்டி விளக்கைப் போட அகப்பைக் காம்பைத்தான் எடுக்கிறார். கை வைக்கப் பயம். மழை பிடித்தால் மெயினை அடைத்துவிடுகிறார்கள். ஐந்தாம் படிவ எஸ்பிஎம் பரீட்சை எழுதப்போகும் பேத்தி மெழுகுவத்தி வெளிச்சத்தில் படிக்கிறாள். நம் பேராக் சுங்கை சிப்புட் பக்கம் சாயங்கால மழைக்கா பஞ்சம்?

பலகையையும் சுவிட்சுகளையும் மாற்றிக் கொடுங்கள். இதைத்தான் முன்பும் எழுதிக் கொடுத்தோம்.

பெரிய பங்களாவுக்குப் புது வயரிங் போட்டதைப் பார்த்தோம், சந்தோஷம். அங்கே இருந்ததும் பேக்லைட்தானே, அதுதான் எரியாதே, எதற்கு வீண் செலவு? கூரை ஒழுகல், குழாய்த் தண்ணீரின் நிறம், சாக்கடை என்று எதைக் கேட்டாலும் "பட்ஜெட் வரட்டும்" என்கிறீர்கள். செம்பனை விலை ஏறிய வருஷமும் அந்த பட்ஜெட் வரவில்லை. சரி, அதையெல்லாம் இன்னொரு நாள் பேசுவோம்.

இப்போது கேட்பது ஒன்றுதான். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன் ஒருவரை அனுப்புங்கள். பழைய பலகையையும் சுவிட்சுகளையும் கழற்றிவிட்டு, மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் கருவியோடு புதிய பெட்டி வைக்கச் சொல்லுங்கள். கடைசி லயத்தில் தொடங்கினால் போதும், மற்ற வீட்டுக்காரர்கள் காத்திருக்கச் சம்மதித்துவிட்டார்கள். தயவுசெய்து எந்தத் தேதியில் வருவார் என்று நோட்டீஸ் பலகையில் எழுதிப் போடுங்கள்.

இப்படிக்கு,
லயத்து வீட்டுக்காரர்கள் சார்பில் ஒருவன்