எழுதியவர் யார், பணம் கொடுத்தவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் கடன் கொடுக்கும் கம்பனிகளும், விதையும் கிருமிநாசினியும் விற்கும் கம்பனிகளும் வலைப்பதிவு என்ற பெயரில் வெளியிடும் கட்டுரைகள் குறித்து இதனை எழுதுகின்றேன். கணவனை இழந்த பெண்ணொருவர் கடன் பெற்று முன்னேறிய கதையைத் தாமே சொல்வதுபோல அவற்றுட் சில அமைகின்றன. அப்பெண் உண்மையில் இருக்கலாம், கடனும் உதவியிருக்கலாம். ஆனால் அச்சொற்களை மக்கள் தொடர்பு நிறுவனமொன்று கூலி பெற்று எழுதிக் கொடுத்திருந்தால், அதனை வாசிப்பவர் எவ்வாறு அறிவார்? கம்பனி தன் பொருளைத் தன் பெயரில் புகழ்வதில் எனக்கு ஆட்சேபனை இல்லை.

2006 ஆம் ஆண்டு அமெரிக்காவில், வோல்மார்ட் கடைகளின் வாகனத் தரிப்பிடங்களில் தங்கி நாட்டைச் சுற்றும் சாதாரணத் தம்பதியரின் பயணக் குறிப்புகள் இணையத்தில் வந்தன. கடை ஊழியர்கள் மகிழ்ச்சியாக இருப்பதாகவே அவை கூறின. அப்பயணத்துக்கான பணம் வோல்மார்ட்டின் ஆதரவில் இயங்கிய அமைப்பொன்றிலிருந்து வந்தது என்பதும், எடெல்மன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம் பின்னால் நின்றது என்பதும் வெளிவந்தபோது, அந்நிறுவனத்தின் தலைவரே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

நமக்கு இன்னும் நெருக்கமான சம்பவமும் உண்டு. 2010 இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் இலங்கை ஜனாதிபதி ஆற்றிய உரையைத் தாங்களே எழுதியதாக, பெல் பொட்டிஞ்சர் என்ற இலண்டன் மக்கள் தொடர்பு நிறுவனத்தினர் வாடிக்கையாளர் வேடத்தில் வந்த ஊடகவியலாளர்களிடம் கூறியது 2011 டிசெம்பரில் அம்பலமாயிற்று. அவ்வுரை நிகழ்ந்தபோது போரினால் இடம்பெயர்ந்த எங்கள் மக்களில் பல்லாயிரம் பேர் இன்னும் மெனிக் பாம் அகதி முகாமில் இருந்தனர். அது மூடப்பட்டதே 2012 செப்டெம்பரில்தான். எங்கள் நிலைமையை உலகுக்கு எடுத்துரைக்கும் சொற்கள் கூலிக்கு எழுதப்பட்ட கொடுமையை அனுபவித்த மண்ணிலேயே, இன்று எங்கள் பெண்களின் வாய்மொழியும் அவ்வாறே எழுதப்படுமானால் அதனை எப்படிப் பொறுப்பது?

கடன் விடயத்தில் இது மிகவும் பாரதூரமானது. வாரத் தவணை கட்ட முடியாமல், ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்த பெண்கள் எத்தனையோ பேர் எங்கள் கிராமங்களில் உள்ளனர். வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018 இல் அரசாங்கமே முன்வர வேண்டியிருந்தது. அத்தகைய ஊரில், தன்னைப் போன்ற ஒருத்தி சொல்கிறாள் என்று நம்பிக் கையொப்பமிடுபவருக்கு, அவ்வாறு சொல்ல வைத்தவர் கடன் கொடுப்பவரே என்பது தெரிந்திருக்க வேண்டும்.

வணிகர் தம்மை நுகர்வோராகக் காட்டிக்கொள்வதைப் பிரித்தானியா 2008 இலேயே சட்டத்தால் தடை செய்தது. பணமோ பொருளோ பெற்று எழுதுபவர் அதனை வெளிப்படுத்த வேண்டும் என அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 2009 இல் தன் வழிகாட்டலில் தெளிவுபடுத்தியது. எமது நாட்டிலும், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அதிகாரசபைச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் வர்த்தக நடத்தையைத் தடை செய்கின்றது. அப்பிரிவின் கீழ் இத்தகைய எழுத்துகளையும் ஆராயுமாறு அதிகாரசபையைக் கேட்டுக்கொள்கின்றேன்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. கம்பனிகளோ அவற்றின் முகவர்களோ அனுப்பும் கட்டுரைகளைப் பிரசுரிக்கும்போது, அனுப்பியவரின் பெயரையும் பணம் பெறப்பட்டதா என்பதையும் தலைப்பின் கீழேயே, கட்டுரையின் எழுத்தளவிலேயே அச்சிடுங்கள்.

இங்ஙனம்,
கூட்டுறவுச் சங்க உறுப்பினர் ஒருவர்,
கிளிநொச்சி.