'தேர்ந்தெடுத்த குடும்பம்' என்ற சொல் குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோரன் ஸ்டோலெவ்ஸ்கி இயக்கிய 'ஹவுஸ்கீப்பிங் ஃபார் பிகினர்ஸ்' (2023) படத்துக்குத் தங்கள் இதழில் வந்த விமர்சனத்தைப் படித்தேன். வட மாசிடோனியப் படம் ஒன்றுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால், அப்படத்தில் வரும் வீட்டை முதல் பத்தியிலிருந்து கடைசிப் பத்தி வரை 'தேர்ந்தெடுத்த குடும்பம்', அதாவது ரத்த உறவாலோ திருமணத்தாலோ அல்லாமல் விரும்பிச் சேர்ந்தவர்களின் குடும்பம், என்றே விமர்சகர் அழைப்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. அந்த வீட்டில் யார் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள்?

ஸ்கோப்யே நகரில் சமூகநலத் துறையில் வேலை பார்க்கும் தீதா, தன் இணையான சுவாதாவோடும் சுவாதாவின் இரு மகள்களோடும் வாழ்கிறாள். உடன் வசிக்கும் நண்பன் டோனி தன்பாலீர்ப்பு கொண்டவன். அவன் ஓர் இரவு அழைத்துவந்த இளைஞன் அலி, திரும்பிப் போகாமல் அங்கேயே ஒட்டிக்கொள்கிறான். போக்கிடம் இல்லாத இளம்பெண்கள் சிலருக்கும் அதுவே புகலிடம். புற்றுநோய் முற்றிய சுவாதா, தனக்குப் பின் பிள்ளைகளை வளர்க்க வேண்டும் என்று தீதாவிடம் வாக்கு வாங்குகிறாள். வாங்குகிறாள் என்பதுகூடச் சரியில்லை, பிடுங்குகிறாள். தாயாக வேண்டும் என்ற ஆசை தீதாவுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. தீதாவாக நடிக்கும் அனமரியா மரிங்காவின் முகத்தில் தாய்மையின் கனிவு இல்லை என்று விமர்சகர் குறைபட்டிருக்கிறார். அந்தக் கனிவு அவ்வளவு சுலபமாக வந்திருந்தால்தான் படம் பொய்யாகியிருக்கும். மூத்தவள் வனேசாவின் கோபமும் வயதுக் கோளாறு அல்ல. அவளை ஒரு வார்த்தை கேட்காமலே அவளுக்கு வேறொரு தாயை நியமித்துவிட்டார்கள் என்பதுதான் அவள் வழக்கு.

தீதாவும் டோனியும் செய்துகொள்ளும் திருமணத்தை 'நகைச்சுவைக்கான உத்தி' என்று கட்டுரை கடந்துபோகிறது. நான் ஓர் அரசுப் பள்ளி அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து பல ஆண்டுகள் சேர்க்கைப் பதிவேட்டோடு புழங்கியவள். தகப்பன் பெயர் என்ற கட்டத்துக்கு முன்னால் பாட்டிகளும் பெரியம்மாக்களும் பேனாவைப் பிடித்தபடி நின்றதைப் பார்த்திருக்கிறேன். குளிப்பாட்டிச் சோறூட்டி அழைத்து வந்தவருக்கு அந்தத் தாளில் இடம் இருக்காது. எங்கோ இருப்பவரின் இனிஷியல்தான் பிள்ளைக்கு வேண்டும். பெண்ணும் பெண்ணும் மணக்க வட மாசிடோனியச் சட்டத்தில் வழியில்லை. ஆகவே, ஒரே வீட்டில் இருந்தும் கணவன் மனைவியாக ஒருநாளும் வாழாத இருவர், பிள்ளைகளுக்காக அப்படிக் கையெழுத்திடுகிறார்கள். அந்தக் காட்சியில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு பிழையையும் சுட்டிக்காட்ட வேண்டும். சுவாதாவையும் அவள் மகள்களையும் விமர்சகர் 'நாடோடிகள்' என்கிறார். அவர்கள் ரோமா மக்கள், ஐரோப்பாவில் நெடுங்காலமாக ஒதுக்கப்பட்டுவரும் ஒரு சிறுபான்மை இனத்தவர். படத்தில் வரும் ஷுட்கா, 1963 நிலநடுக்கத்துக்குப் பின் ஸ்கோப்யேயின் ஓரத்தில் ரோமா குடும்பங்கள் பெருமளவில் குடியேறி வளர்ந்த பகுதி. இன்று ரோமா மக்கள் பெரும்பான்மையாக வாழும் தனி நகராட்சி. பல தலைமுறையாக ஓரிடத்தில் வாழ்பவர்களை நாடோடி என்பதில் உள்ள இளக்காரம், மருத்துவமனையில் சுவாதா வெடிக்கும்போது நாம் காண்கிற அதே இளக்காரம்தான்.

'தேர்ந்தெடுத்த குடும்பம்' என்ற சொல்லை விமர்சகர் சென்னை உயர் நீதிமன்றத்தின் 2025 மே மாதத் தீர்ப்பிலிருந்து எடுத்திருக்கக்கூடும். வீட்டாரின் பிடியில் இருந்த 25 வயதுப் பெண்ணை அவர் விருப்பப்படி செல்ல அனுமதித்த அந்த அமர்வு, திருமணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழியல்ல என்று கூறி, அந்தக் கருத்தை ஏற்றது. வயது வந்த ஒருவர் தம் மனத்தைத் தாமே சொன்ன அந்த வழக்குக்குச் சொல் பொருந்தும். பிள்ளைகள் என்று வரும்போது நிலைமை வேறு. இணையராகத் தத்தெடுக்க இரண்டாண்டு நிலையான மணவாழ்க்கை வேண்டும் என்ற 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில், 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் மூவர் தலையிட மறுத்தனர். ஆக, தீதாவும் சுவாதாவும் இங்கே வாழ்ந்திருந்தாலும் சேர்ந்து ஒரு பிள்ளையைத் தத்தெடுத்திருக்க முடியாது.

அந்த வீட்டை விரும்பித் தேர்ந்தெடுத்தவன் என்று ஒருவனைச் சொல்ல வேண்டுமானால் அலியைச் சொல்லலாம். எந்தத் தாளிலும் அவன் பெயர் இல்லை. யாரும் அவனிடம் வாக்குக் கேட்கவும் இல்லை. ஆனாலும் சின்னவள் மியாவோடு ஆடுவதும் பாடுவதும் அவன்தான். தங்கள் விமர்சனத்தில் அவனுக்கு ஒரே ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது, அதுவும் 'டோனியின் இளம் காதலன்' என்று.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சிராப்பள்ளி.