சட்டக் கல்லூரியில் பணம் கட்டுமுன் நூலகத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எஸ்பிஎம், எஸ்டிபிஎம் பள்ளியிறுதித் தேர்வு முடிவுகள் வந்த கையோடு சட்டப் படிப்பு விளம்பரங்கள் நாளிதழ்களை நிறைத்துவிடுகின்றன. கல்விக் கண்காட்சிக்குப் போகும் பெற்றோர் கட்டணம் எவ்வளவு, எத்தனை வருடம், பிடிபிடிஎன் கல்விக் கடன் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியவைதான். ஆனால் கோலாலம்பூரிலோ பினாங்கிலோ இருந்தபடி பிரிட்டன் பல்கலைக்கழகச் சட்டப் பட்டம் படிக்கப் போகும் பிள்ளைக்கு இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. இந்தக் கல்லூரியில் மலேசியச் சட்டத்தை எப்போது, எதை வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

மலாயாப் பல்கலைக்கழகத்தில் நான்காண்டு சட்டம் முடித்தவர் நேரே சேம்பரிங், அதாவது வழக்கறிஞரிடம் தொழில் பயிற்சி, போகலாம். பிரிட்டன் பட்டதாரி சட்டத் தொழில் தகுதி வாரியம் நடத்தும் சிஎல்பி (சட்டத் தொழில் சான்றிதழ்) தேர்வைத் தாண்டியாக வேண்டும். இங்கிலாந்தில் பாரிஸ்டர் ஆனவருக்குத்தான் விலக்கு. சிஎல்பியில் பொதுத் தாள், சிவில் நடைமுறை, குற்றவியல் நடைமுறை, சாட்சியச் சட்டம், தொழில் நடைமுறை என்று ஐந்து தாள்கள். கேட்பது மலேசியச் சட்டம். பிள்ளை மூன்று வருடம் படித்ததோ ஆங்கிலேயச் சட்டம். சிஎல்பி கடினம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கடினத்தில் பெரும்பங்கு இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

ஒரு உதாரணம் போதும். வேலையை விட்டுப் போனவர் ஓராண்டுக்குப் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. செல்லுமா? இங்கிலாந்தில் அந்தத் தடை நியாயமான அளவில் இருந்தால் செல்லும். இங்கே ஒப்பந்தச் சட்டம் 1950, பிரிவு 28 அதைச் செல்லாததாக்குகிறது. வணிக நற்பெயரை விற்பது, கூட்டுவணிகம் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. 'நியாயமான அளவு' என்று இரண்டு பக்கம் அழகாக எழுதிய மாணவருக்கு மதிப்பெண் வராது. நம் ஒப்பந்தச் சட்டமும் சாட்சியச் சட்டமும் 1872-ஆம் ஆண்டு இந்தியச் சட்டங்களின் வழியில் வந்தவை. லண்டன் பாடநூலில் இதற்கு விடை தேடக் கூடாது.

நிலச் சட்டத்தில் இடைவெளி இன்னும் அகலம். தேசிய நிலச் சட்டத் தொகுப்பு டோரன்ஸ் முறையைப் பின்பற்றுகிறது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்பதுதான் அதன் அடிப்படை. பிரிவு 340 அந்த உரிமையைக் காக்கிறது, மோசடி போன்ற விலக்குகளையும் சொல்கிறது. நிலம் மாற்ற 14ஏ படிவம், வங்கிக்கு அடமானம் வைக்க 16ஏ, தனியார் கேவியட் (நிலத்தைக் கைமாற்றவிடாமல் தடுக்கும் பதிவு) போட 19பி. இந்த மூன்று படிவங்களையும் மூன்றாம் ஆண்டிலேயே கையால் நிரப்பிப் பழகியவருக்குத் தொழில் நடைமுறைத் தாள் பாதி பயம் காட்டாது.

சிவில் நடைமுறையில் மாணவர் சறுக்குவது நாள் கணக்கில். ரிட் (வழக்கைத் தொடங்கும் நீதிமன்ற அழைப்பாணை) கையில் கிடைத்ததிலிருந்து 14 நாளில் எதிர்வாதி ஆஜராவதைப் பதிவு செய்ய வேண்டும். அந்தக் கெடு முடிந்ததிலிருந்தோ வாதியின் கோரிக்கை அறிக்கை கிடைத்ததிலிருந்தோ, எது பிந்தியதோ அதிலிருந்து 14 நாளில் எதிர்வாதம். தவறினால் ஒருதலைத் தீர்ப்பு. விடைத்தாளில் 'குறித்த காலத்துக்குள்' என்று எழுதுவது பயனற்றது. 2012 நீதிமன்ற விதிகளில் எந்த ஆணை, எந்த விதி, எத்தனை நாள் என்று எழுத வேண்டும்.

இப்போது நூலகத்துக்கு வருகிறேன். கண்ணாடிச் சுவரும் மெத்தை நாற்காலியும் நூலகம் ஆகாது. கல்லூரியைச் சுற்றிக் காட்டுபவரிடம் கேளுங்கள்: சிஎல்ஜே, எம்எல்ஜே என்ற மலேசியத் தீர்ப்புத் தொகுப்புகளை மாணவர் வீட்டிலிருந்தே திறக்க முடியுமா, அல்லது நூலகத்தின் இரண்டு கணினிகளில் மட்டுமா? ஒரு தீர்ப்பு பின்னால் மேல்முறையீட்டில் மாற்றப்பட்டதா என்று தேடும் முறையை யாராவது உட்கார்ந்து சொல்லித் தருகிறார்களா? பட்டம் முடிந்ததும் கடவுச்சொல் எப்போது நிறுத்தப்படும்? சிஎல்பிக்குப் படிக்கும் மாதங்களில்தான் அது மிகவும் தேவைப்படும். கையில் காசில்லாதவருக்கும் வழி இருக்கிறது: நீதித்துறையின் மின்தீர்ப்புத் தளமும் சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்தின் சட்டத் தொகுப்புத் தளமும் இலவசம்.

அலமாரியில் தண்டனைச் சட்டத் தொகுப்பு இருந்தால் பிரிவு 302-ஐப் புரட்டிப் பாருங்கள். கொலைக்கு மரண தண்டனை மட்டுமே என்று இருந்தால் அது பழைய பதிப்பு. 2023 ஜூலை 4 முதல் மரண தண்டனை, அல்லது 30 முதல் 40 ஆண்டு சிறையும் குறைந்தது 12 பிரம்படியும் என்று மாறிவிட்டது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பிரிவு 309-உம் அதே ஆண்டில் நீக்கப்பட்டது. கல்லூரியின் அக்கறையை அளக்க இந்த ஒரு பக்கம் போதும்.

அங்கீகார விஷயத்தில் கல்லூரி முகவரின் வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். பல்கலைக்கழகத்தின் பெயரையும் படிக்கும் முறையையும் சட்டத் தொழில் தகுதி வாரியத்திடமே எழுதிக் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம், தீங்கியல் (டார்ட்), அரசமைப்பு, குற்றவியல், நிலம், ஈக்விட்டியும் (நியாய நெறிச் சட்டம்) அறக்கட்டளையும் என்ற ஆறு அடிப்படைப் பாடங்களும் மதிப்பெண் பட்டியலில் இருக்க வேண்டும். விருப்பப் பாடம் தேர்ந்தெடுக்கும் ஆவலில் ஒன்றை விட்டுவிட்டால் பின்னால் சிக்கல்.

நம் பிள்ளைகளுக்கென்றே ஒரு தலைவலி உண்டு. அடையாள அட்டையில் 'ஏ/எல்' (மகன்), 'ஏ/பி' (மகள்) போட்டு அப்பா பெயர் இருக்கும். வெளிநாட்டுச் சான்றிதழ் அதை விட்டுவிடும், அல்லது அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கிவிடும். முதலாண்டில் பதியும்போதே அடையாள அட்டையில் உள்ளபடி போடச் சொல்லுங்கள். பட்டம் அச்சான பிறகு சத்தியப் பிரமாணப் பத்திரத்தோடு அலைய வேண்டி வரும்.

சேம்பரிங் ஒன்பது மாதம். வழிகாட்டும் வழக்கறிஞர் ஏழாண்டாவது தொழிலில் இருந்தவராக இருக்க வேண்டும். அங்கே முதல் வாரமே மலாய் மொழியில் மனு எழுதச் சொல்வார்கள். தீபகற்பத்தில் நீதிமன்ற ஆவணம் தேசிய மொழியில்தான் இருக்க வேண்டும், ஆங்கில மொழிபெயர்ப்பை இணைக்கலாம். எஸ்பிஎம்முக்குப் பிறகு மலாய் மொழியில் ஒரு கடிதம்கூட எழுதாத பிள்ளை இங்கே திணறும். வாரம் ஒரு தீர்ப்பை மலாயில் படித்து, கால் பக்கம் சுருக்கம் எழுதிவந்தால் போதும். அதை முதலாண்டிலேயே தொடங்கலாம்.

இப்படிக்கு,
சட்டக் கல்வி விரிவுரையாளர்,
செந்தூல், கோலாலம்பூர்