அடுத்த புயலுக்கு அப்புறம் எங்க தெருவுக்கு கணக்கெடுக்க வரப்போற அதிகாரிகளுக்கு

வணக்கம் ஐயா, வணக்கம் அம்மா.

நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. கிராம நிர்வாக அலுவலர் வீஏஓவா இருக்கலாம், வருவாய் ஆய்வாளர் ஆர்ஐயா இருக்கலாம், வேற மாவட்டத்துலேருந்து சிறப்புப் பணின்னு அனுப்பி வெச்சவங்களா இருக்கலாம். எந்த வருஷம் வருவீங்கன்னும் தெரியாது. ஆனா வருவீங்க, வேதாரண்யம் பக்கம் பொறந்த எல்லாருக்கும் அது தெரியும். எங்க பாட்டி 1952 புயல சொல்லும், அப்பா 77 நவம்பர் புயல சொல்லுவார், நான் கஜாவ சொல்றேன். அதனாலதான் காத்து அடிக்காத இந்த நேரத்துலயே எழுதி வெச்சுடலாம்னு உக்காந்தேன், புயல் அடிச்சப்புறம் யாருக்கும் படிக்க நேரம் இருக்காது.

2018 நவம்பர் 16 நடுராத்திரிக்கு மேல கஜா கரையக் கடந்துச்சு. மொதல்ல வடக்கேருந்து அடிச்சுது, எங்க கூரையில கீத்து எல்லாம் அவுந்து தொங்குச்சு. அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணுமே இல்ல, அவ்ளோ அமைதி, முடிஞ்சிடுச்சுன்னு அம்மா வெளக்கேத்தப் போச்சு. பிறகு தெக்கேருந்து வந்துச்சு பாருங்க, அந்தக் காத்துதான் கூரைய அப்படியே தூக்கிட்டுப் போச்சு. எறவானத்துக்கு அடியில காத்து பூந்துடுச்சுன்னா மேல எத்தன கல்லு வெச்சாலும் நிக்காது.

முன்னாடியே 80 ஆயிரம் பேருக்கு மேல முகாமுக்கு கொண்டு போனாங்க, அது எத்தனையோ உசுர காப்பாத்துச்சு, அத நான் மறக்க மாட்டேன். ஒரு லட்சத்துக்கு மேல கரண்ட் கம்பம் சாஞ்சு கெடந்தப்ப வெளி மாவட்டத்துலேருந்தும் கேரளாவுலேருந்தும் வந்து இடுப்பளவு தண்ணியில நின்னு வேல பாத்த ஈபி ஆளுங்களுக்கு எங்க ஊர்ல இருந்த பழையதையும் கருவாட்டையும் எடுத்துக் குடுத்தோம், அவங்களையும் மறக்க மாட்டோம். அதனால உங்க மேல கோவத்துல எழுதுறேன்னு நெனச்சுடாதீங்க. உங்க கையில இருக்கிற நோட்டுல நீங்க எழுதப்போற ஒரு வார்த்தையப் பத்திதான் எழுதுறேன்.

எங்க வீட்டுக்கு அன்னிக்கு கணக்கெடுக்க ஒருத்தர் வந்தார், பேரு வேணாம், பாவம் அவருக்கும் அன்னிக்கு எத்தன தெருவோ. சந்துல தென்ன மரம் குறுக்கால கெடந்துச்சு, அதத் தாண்டி வர முடியல, ரோட்டுலேருந்தே பாத்தார். அம்மா மஞ்சப் பையில ரேஷன் கார்டையும் ஆதாரையும் வெச்சுக்கிட்டு நின்னுச்சு, ரெண்டும் நனைஞ்சு போயி முந்தின நாளு அடுப்பு மேட்டுல காய வெச்சு எடுத்தது. "செவுரு நிக்குதுல்லம்மா, பகுதின்னு போட்டுக்கறேன்"னார். சரிங்கன்னுடுச்சு அம்மா. கஜாவுக்கு குடிசை முழுசா போயிருந்தா 10,000, பகுதின்னா 4,100. தென்னைக்கு வெட்டி எடுக்கிற கூலியும் சேத்து மரத்துக்கு 1,100 குடுத்தாங்க. அப்ப எங்க வீடு நாலு தென்ன மரத்துக்குக் கூட ஈடாகல.

சேதி அதோட முடியல. மண் செவுரு எல்லாம் புயலடிச்ச அன்னிக்கே விழுந்துடாது ஐயா. இது எங்க ஊர்ல கொழந்தைக்குக் கூட தெரியும், ஆனா கணக்கெடுப்பு ஃபாரத்துல அதுக்கு எடமில்ல. கூரை போனதும் செவுத்தோட மண்ட தெறந்து கெடக்கும், மழ தண்ணி மேலேருந்து உள்ள எறங்கும், கீழ வாசல்ல நிக்கிற தண்ணி அடியில ஊறும், ரெண்டும் நடுவுல வந்து சேர கொஞ்ச நாளு ஆகும். வெளிய பாத்தா காஞ்ச மாதிரியே இருக்கும், அதான் மோசம். எங்க தாத்தா செவுத்த உள்ளங்கையால தட்டிப் பாப்பார், டக்குனு சத்தம் வந்தா நல்ல செவுரு, சொத்துனு வந்தா அந்தப் பக்கம் யாரையும் படுக்க விட மாட்டார். எங்களுக்கு தார்ப்பாய் கெடச்சுது, மேல போட்டுட்டோம், கூரை மாதிரி ஆயிடுச்சுன்னு நிம்மதியாவும் இருந்தோம். புயலுக்கு அப்புறமும் மழ வந்துச்சு. பத்தாவது நாளு ராத்திரி அடுப்பங்கரை பக்கத்து செவுரு மொத்தமா உள்ள சாஞ்சுது. அப்பா அன்னிக்குன்னு கயித்துக் கட்டில திண்ணையில போட்டுப் படுத்திருந்தார். விடிஞ்சு பாத்தா அம்மாவோட அம்மிக்கல்லு மேல முட்டி ஒசரத்துக்கு மண்ணு.

போட்டோ எடுத்துக்கிட்டுப் போயி கேட்டோம். லிஸ்ட் மேல போயிடுச்சுன்னாங்க. எங்க தெருவுல அப்படி பின்னாடி விழுந்தது எங்களோட சேத்து ஏழு வீடு, நானே நடந்து போயி எண்ணினேன்.

அதனால நான் கேக்குறது இதுதான், பதினஞ்சு நாளு கழிச்சு ரெண்டாவது தடவ வாங்க. மொத தடவ எழுதினத பென்சில்ல எழுதின மாதிரி நெனச்சுக்குங்க. வர முடியலன்னா மண் செவுரு இருக்கிற வீட்டுக்கு மட்டுமாவது கூரை முழுசா போயிருந்தா முழு சேதம்னே போடுங்க, ஏன்னா அது விழத்தான் போகுது. வயல்ல பயிர் நாலு நாளு தண்ணியில நின்னா என்ன ஆகும்னு வேளாண்துறைக்காரங்க பொறுத்திருந்து பாக்குறாங்கல்ல, செவுரும் அப்படித்தான்.

இன்னொண்ணு, இதுதான் பெரிய விஷயம், பலருக்கு தெரியவே தெரியாது. பேரிடர் நிவாரணத்துக்கு 2022லேருந்து 2026 வரைக்கும்னு வந்த விதிப்படி சமவெளியில ஒரு வீடு முழுசா போச்சுன்னா 1 லட்சத்து 20 ஆயிரம், அது கச்சா வீடா, அதாவது மண்ணு மரம்னு உறுதி கொறைஞ்ச பொருள்ல கட்டின வீடா இருந்தாலும் சரி. ஆனா அதையே குடிசைன்னு எழுதிட்டா 8,000. அதுக்கு மேல மாநில அரசு சேத்து குடுக்கலாம், இருந்தாலும் தொடங்குற எடமே இவ்ளோ தூரத்துல இருக்கு. அந்த விதியில குடிசைன்னா தற்காலிகமா போட்டது, கீத்து மண்ணு பிளாஸ்டிக் ஷீட்டு இதெல்லாம் வெச்சு கச்சா வீட்டவிட கொறைச்சலா கட்டினதுன்னு அர்த்தம். எங்க வீட்டுல ரெண்டு ரூம்பு, தாத்தா காலத்து பனங்கை, அரை ஆள் ஒசரத்துக்கு செங்கல் வெச்ச அடிச்செவுரு, வீட்டு வரி ரசீது இருக்கு, மூணு தலமொறையா அதுலதான் இருக்கோம். மேல கீத்து போட்டிருந்ததால அது தற்காலிகமா? தயவுசெஞ்சு கூரைய மட்டும் பாத்து எழுதாதீங்க, உள்ள வந்து பாருங்க. மரம் குறுக்க கெடந்தா சொல்லுங்க, பசங்க நாங்க தூக்கிப் போடுறோம்.

பட்டா விஷயமும் சொல்லணும். அதே விதியில, வீடு அங்கீகாரம் உள்ளதா இருக்கணும், உரிய அதிகாரி சான்று தரணும்னு ஒரு குறிப்பு இருக்கு. டெல்டாவுல எத்தன தெரு கோயில் மனையில இருக்கு, எத்தன தெரு வாய்க்கா புறம்போக்குல இருக்குன்னு உங்களுக்கே தெரியும். புயலுக்கு மறுநாளு ஈரத்துணியோட நிக்கிற பொம்பளைகிட்ட பட்டா எங்கன்னு கேட்டா அவங்க என்ன பண்ணுவாங்க. அந்தக் கேள்விய ஆடி மாசமே கேளுங்க, காத்து வரதுக்கு முன்னாடி, கோயில் மனைன்னா அந்த நிர்வாகத்துக்கிட்ட பேசி இத்தன குடும்பம் இத்தன வருஷமா குடியிருக்குன்னு ஒரு பதிவாவது போட்டு வையிங்க. குடிசை இல்லாத தமிழ்நாடுன்னு 2030க்குள்ள 8 லட்சம் வீடு கட்டுறதா அரசு 2024ல சொல்லுச்சு, கலைஞர் கனவு இல்லம்னு 360 சதுர அடியில நல்ல காங்கிரீட் வீடு, பாக்க ஆசையாத்தான் இருக்கு, அதுக்கும் சொந்த மனை இருந்தாதான் கட்ட முடியும்.

நாங்க திரும்பக் கட்டின கதையையும் சொல்லிடறேன், ஏன்னா யாரும் வந்து எப்படிக் கட்டணும்னு சொல்லித் தரல. அடுத்த வருஷம் கீத்துக்கு எங்க போறது, பட்டுக்கோட்ட பேராவூரணி வரைக்கும் தென்ன எல்லாம் சாஞ்சு கெடக்கு. கடன வாங்கி தகர ஷீட் போட்டோம். மொதல்ல மணல் மூட்டைய மேல வெச்சோம், அது காத்துக்குப் பத்தாது, தூக்கி அடுத்த வீட்டுல போட்டா ஆள் செத்துடும். அப்புறம் வெல்டிங் பட்டறை அண்ணன் ஒருத்தர்தான் சொன்னார், ஷீட்ட பைப்போட ஜே போல்ட், அதான் நுனி கொக்கி மாதிரி வளஞ்ச போல்ட், போட்டு முடுக்கு, பைப்ப தூணோட கட்டு, தூண தரையில காங்கிரீட் குழியில எறக்கு, மூணும் ஒண்ணா இருந்தாதான் கூரை இருக்கும், எறவானத்த ரொம்ப நீட்டாதன்னு. போல்ட்டும் கம்பியும் மொத்தமா சில ஆயிரம்தான் ஆச்சு. நிவாரணப் பையில அரிசி, வேட்டி சேலையோட ஒரு டப்பா ஜே போல்ட்டும் கட்டுக் கம்பியும் வெச்சுக் குடுங்க, கூடவே அத மாட்டத் தெரிஞ்ச ஒரு ஆள ஊராட்சிக்கு ஒருத்தரா அனுப்புங்க. உள்ளூர் கொத்தனார் பசங்களுக்கு ரெண்டு நாளு சொல்லிக் குடுத்தாலே போதும், அவங்களே தெரு தெருவா முடிச்சிடுவாங்க.

நீங்க வரும்போது எங்க வீடு தெருக் கடைசியில, வேப்ப மரத்துக்கு எதுக்க. தெக்குப் பக்கம் இன்னும் மண் செவுருதான், அந்தப் பக்கம் பூச காசு வரல. உள்ள வந்து கையால தட்டிப் பாத்துட்டு எழுதுங்க.

இப்படிக்கு,
வேதாரண்யம் தாலுக்காவுலேருந்து ஒரு வீட்டுக்காரன்