அட்டை இருந்தும் ஓட்டு இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கச்சிமடத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தேர்தல் நேரத்தில் பாதி ஊரின் அடையாள அட்டை என் கைக்கு வந்துதான் போகும். அதனால்தான் உங்கள் நாளிதழின் ‘உண்மை சரிபார்ப்பு’ பகுதி பற்றி எழுதுகிறேன்.

2024 ஏப்ரல் 19. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி நாலு நாள்தான். விசைப்படகுகள் கடலுக்குப் போகவில்லை, எல்லாரும் ஊரில் இருந்தார்கள். பக்கத்து வீட்டு மைனி காலையிலேயே ஓட்டுப் போடப் போனார். கொஞ்ச நேரத்தில் முகம் வாடித் திரும்பி வந்தார். பட்டியலில் பெயர் இல்லையாம். கையில் வாக்காளர் அட்டை இருக்கிறது. உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கிப் படம் பாதி வெளுத்திருந்தாலும் எண் தெளிவாகத் தெரிகிறது. அப்போது அவர் மகன் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு தகவலைக் காட்டினான். ‘பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஆதாரைக் காட்டி, 49ஏ பிரிவில் சேலஞ்ச் ஓட்டு கேளுங்கள். 14 சதவீதத்துக்கு மேல் டெண்டர் ஓட்டு விழுந்தால் மறுதேர்தல்.’ அதை நம்பி மைனி மறுபடியும் வெயிலில் போனார். அதிகாரியிடம் வாதாடிப் பார்த்தார். வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் அழுதுகொண்டே வெளியே வந்தார்.

அந்தத் தகவல் பொய் என்று முந்தின வாரமே நீங்கள் எழுதியிருந்தீர்கள். நானும் படித்தேன். ஆனால் அந்தப் பொய்யையே கொட்டை எழுத்தில் தலைப்பாக்கி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தீர்கள். ‘இது தவறு’ என்ற வரி கடைசிப் பத்தியில்தான் வந்தது. என் கடைக்கு வந்தவர்களே தலைப்பை மட்டும் படம் எடுத்து, ‘பேப்பர்லயே போட்டிருக்கு’ என்று குழுவில் அனுப்பினார்கள்.

1961-ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில் 49ஏ என்பது வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பைப் பற்றியது. சேலஞ்ச் என்பது, வந்தவர் வேறு ஆள் என்று பூத் ஏஜெண்ட் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிப்பது. நம் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டால்தான் டெண்டர் ஓட்டு. 14 சதவீதக் கணக்கு எந்த விதியிலும் இல்லை. பட்டியலில் பெயர் இல்லையென்றால் எந்த அட்டையைக் காட்டினாலும் ஓட்டு இல்லை. இந்தக் கடைசி வரிதான் தலைப்பாக வந்திருக்க வேண்டும்.

அட்டை விதியைக் கடுமையாக்க வேண்டுமா, கூடாதா என்று டிவியில் தினமும் சண்டை. பிரிட்டனில் 2023 முதல் படம் போட்ட அட்டை கேட்கிறார்கள், அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. சரி, அது அவர்கள் ஊர் விஷயம். இங்கே வாக்காளர் அட்டை இல்லாவிட்டால் காட்டலாம் என்று 2024-ல் 12 ஆவணங்களைச் சொன்னார்கள். நூறு நாள் வேலை அட்டையும், படம் ஒட்டிய வங்கிப் பாஸ்புக்கும் அதில் உண்டு. கடலில் கடலோரக் காவல்படை நிறுத்தினால் எங்கள் ஆட்கள் எடுத்துக் காட்டும் மீனவர் அட்டை அதில் இல்லை. உப்புக் காற்றில் பிழைக்கிறவன் மடியில் எந்த அட்டை இருக்கிறது என்று பார்த்துவிட்டு விதி போடட்டும். உங்கள் நிருபர்களும் கரைக்கு வந்து இதைச் சரிபார்க்கட்டும்.

வாக்காளர் பட்டியலைத் திருத்தி 2025 டிசம்பர் 19-ல் வெளியிட்ட வரைவில், முன்பு இருந்த பெயர்களில் தமிழகம் முழுக்க 97 லட்சத்துக்கும் மேற்பட்டவை இல்லை. அப்புறம் கடைக்கு வந்தவர்களில் பலர் கேட்டது ஒன்றுதான்: “கார்டு இருக்கே, பேரு எப்படிப் போகும்?”

அடுத்த தேர்தல் அறிவிப்பு வந்ததும் சரியான தகவலை மட்டும் ஒரு கட்டத்துக்குள் போட்டு முதல் பக்கத்தில் வெளியிடுங்கள். நான் நூறு பிரதி எடுத்து, வலை பின்னும் இடத்திலும் மீன் ஏலக் கூடத்திலும் என் செலவில் ஒட்டுகிறேன். மைனிக்குப் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6 நிரப்பிக் கொடுத்தாயிற்று. இப்போது பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடை வாசகி,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.